எல்லாம் எழுதியிருந்தது, யாரும் கூட்டவில்லை

என் வயது 37 என்று எழுதியிருந்தது. எடை 82 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் உண்டான பிள்ளை என்று எழுதியிருந்தது. இரண்டு கால்களிலும் நரம்பு சுருட்டிப் புடைத்திருப்பதைப் பார்த்து அதையும் ஒரு வரியில் எழுதியிருந்தார்கள். வலி கண்டு 24 மணி நேரம் தாண்டியும் பிள்ளை இறங்காததால் அவசர சிசேரியன் என்று எழுதியிருந்தது. இரத்தம் அதிகம் போனதும், இரண்டு பாட்டில் ஏற்றியதும் எழுதியிருந்தது. நீல மையில் சில, கறுப்பு மையில் சில, நாலைந்து பேரின் கையெழுத்து. எதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. எழுதியதைக் கூட்டிப் பார்க்க மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் கூட்டிப் பிழைக்கிறவள். திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ராத்திரி ஷட்டர் இறக்குவதற்குள் ஐம்பது ரூபாய் உதைத்தாலும் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு சேலைக்குக் கிடைக்கிற அந்தக் கவனம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் உயிருக்கு ஏன் கிடைக்கவில்லை? இதைத்தான் கேட்கிறேன்.

பில் போடும் நாற்காலிக்கு வருவதற்கு முன் பல வருடம் சேலை செக்‌ஷனில் நின்றேன். காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்பது. சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார், உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நல்ல சட்டம். அது வருவதற்குள் என் முழங்காலுக்குப் பின்னால் நரம்புகள் புழு நெளிந்த மாதிரி ஏறிவிட்டன. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் கழிந்த வருடங்களும் அந்த நிற்பில்தான் கழிந்தன. பிறகு நகையை அடகு வைத்துக் கருத்தரிப்பு மையத்துக்கு அலைந்தோம். சென்னைக்குப் பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். பிள்ளை தங்கினால் அண்ணாமலையாருக்குக் கரும்புத் தொட்டில் கட்டி மாட வீதி சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன். பிள்ளை தங்கியது. பிறந்தது. பிழைத்தது. பிள்ளையைப் பெற்றவளைப் பற்றித்தான் யாருக்கும் நினைப்பில்லாமல் போனது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இடது கால் கனத்தது. தொடையிலிருந்து இழுப்பு. கெண்டைக்காலைத் தொட்டால் சூடு. சிஸ்டரிடம் சொன்னேன்.

"சிசேரியன் பண்ணா கால் வீங்கத்தாம்மா செய்யும். உப்பக் கொறச்சுக்கோ."

"ஒரு கால்தான் சிஸ்டர் வீங்கியிருக்கு."

"அந்தப் பக்கமே சாஞ்சு படுத்திருப்ப. திரும்பிப் படு."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மேடத்திடமும் சொன்னேன். அவர் போர்வையை விலக்கவில்லை. தையலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பால் ஊறுகிறதா என்று கேட்டார், அடுத்த கட்டிலுக்குப் போனார். டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தையல் பிரிக்க வரவேண்டிய தேதி. கடைசியில் ஒரே சொல்: ரெஸ்ட். காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பில்லில் மட்டும் ஒரு பைசா விடுபடவில்லை.

போர்வையை விலக்கியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை நான் பிறகு கேட்டும் படித்தும் அறிந்தேன். இதைக் கற்க எனக்கு ஒரு கால் செலவாயிற்று, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளை உண்டானதும் பெண்ணின் இரத்தம் மாறத் தொடங்குகிறது. பிரசவத்தில் இரத்தம் கொட்டும், அதில் தாய் செத்துவிடக் கூடாது என்று உடம்பு முன்கூட்டியே உறையும் பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது. ஃபைப்ரினோஜன் ஏறுகிறது, உறையவைக்கும் வேறு பல காரணிகளும் ஏறுகின்றன, உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது. தாயைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே நேரத்தில் வளரும் கருப்பை அடிவயிற்றுச் சிரைகளை அழுத்துகிறது, கால்களிலிருந்து இரத்தம் மேலே ஏறுவது மந்தப்படுகிறது. பிரசவத்திலோ அறுவையிலோ இரத்தக் குழாயின் உட்சுவர் அடிபடுகிறது. இரத்தம் தேங்குவது, எளிதில் உறைவது, குழாய்ச் சுவர் காயப்படுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் உறைகட்டி உண்டாகும் என்பதை 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் இன்றும் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே நேரத்தில் பிள்ளை பெற்றவளின் உடம்பில் கூடுகின்றன. அதுவும் அறுத்துப் பெற்றவளின் உடம்பில்.

கர்ப்பமில்லாத அதே வயதுப் பெண்ணுக்கு உள்ள ஆபத்தைப் போல நாலைந்து மடங்கு கர்ப்பிணிக்கு. பிரசவம் முடிந்த ஆறு வாரத்தில் அது இன்னும் பல மடங்கு ஏறுகிறது, முதல் ஓரிரு வாரங்களில் உச்சம். அமெரிக்காவில் 2014-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் அந்த ஆபத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று காட்டியது. பிரசவம் முடிந்துவிட்டது, கண்டம் தாண்டிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரம்தான் மிக மோசமான நேரம். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்து அனுப்புகிறார்கள்.

இடது கால் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே போகிறது. கருப்பையின் பாரமும் சேரும்போது அந்தச் சிரை நசுங்குகிறது. கர்ப்பத்தில் காலில் உண்டாகும் உறைகட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் இடது காலில்தான். மகப்பேறு மருத்துவம் படித்த எவரும் இதைப் படிக்காமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. பவழக்குன்றில் தவமிருந்த அம்மனுக்கு ஈசன் இடப்பாகம் தந்த ஊர் இது. கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி ஏறுவதற்கு முன் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடமே வெளியே வருவார், அந்தக் காட்சிக்காக லட்சம் பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த ஊரில் ஒரு பெண், "இடது கால் வலிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னாள். போர்வையை விலக்க அரை நிமிடம் இல்லை.

செங்கம் பக்கம் என் தாய் வீடு. அங்கே பச்ச உடம்புக்காரிக்கு என்னென்ன உண்டோ எல்லாம் நடந்தது. கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் கேட்டால் அம்மா அரை டம்ளர்தான் கொடுப்பார். "நெறைய குடிக்காத கண்ணு, தையல்ல சீழ் வச்சிடும்." கால் வீக்கத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக அழுத்தி நீவிவிட்டார். அசையாமல் கிடப்பதும் தண்ணீர் குறைவதும் உறைகட்டிக்கு உரம். உறைகட்டி உள்ள காலை அழுத்தி நீவினால் அது பெயர்ந்து நெஞ்சுக்கு ஏறலாம். இதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அம்மாவையோ அந்தப் பாட்டியையோ யாரும் குற்றம் சொல்லக் கூடாது, சொல்ல விடமாட்டேன். அவர்கள் அன்பினால் செய்தார்கள். எழுந்து நடக்கச் சொல், தண்ணீர் நிறையக் கொடு, ஒற்றைக் கால் வீங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வா என்று மூன்று வாக்கியம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது ரெஸ்ட். அம்மா அதைத்தான் அப்படியே செய்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி மூச்சு முட்டியது. முழுசாக இழுக்க முடியவில்லை, இழுத்தால் வலது விலாவில் கத்தி பாய்ந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. உட்கார்ந்தே இருந்தேன், படுக்க முடியவில்லை. வண்டி பிடித்து, பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனோம். டூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வாயு என்றார். ஊசி போட்டார். மூச்சு அடங்கவில்லை. "ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த குழந்தை இல்லையா, அந்த டென்ஷன்தான். மனச ரிலாக்ஸா வைங்க" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துக்கூட இல்லை. கால் வீங்கியிருக்கிறது என்று நான் அப்போதும் சொன்னேன். அவர் காதில் அது விழுந்தது. விழுந்ததை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று பௌர்ணமி. ஊருக்குள் கிரிவல ஜனவெள்ளம், பாதி ரோட்டில் வண்டியை விடவில்லை. ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. என் தம்பி வயது இருக்கும் ஒரு டாக்டர், ராத்திரி வேலையில் இருந்தவர், நான் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "கால் வலி இருந்துச்சாக்கா? எந்தக் கால்?"

நான் அழுதுவிட்டேன். அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவர் ஒரு இன்ச் டேப் எடுத்தார். எங்கள் கடையில் ஜாக்கெட் துணி அளக்கும் அதே டேப். இரண்டு முழங்காலிலிருந்தும் ஒரே தூரம் கீழே குறித்து, கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார். இடது கால் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் பெருத்திருந்தது. உடனே ஆக்ஸிஜன், உடனே இரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் ஊசி. டாப்ளர் ஸ்கேனில் தொடை வரைக்கும் சிரை அடைத்திருந்தது. மார்பு சிடி ஸ்கேனில் வலது நுரையீரலில் கட்டிகள். இன்னும் ஒரு பெரிய கட்டி பெயர்ந்து போயிருந்தால் ஆட்டோவிலேயே முடிந்திருக்கும் என்று பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அவர் அதை என்னிடம் சொல்ல ரொம்ப நாளானது.

வார்டில் இருக்கும்போது ஒரு நாள் அந்தத் தம்பி டாக்டரிடம் கேட்டேன், எனக்கு ஏன் வந்தது என்று. அவர் என் பழைய ஃபைலை வாங்கிப் புரட்டிவிட்டு, ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2015-ல் புதுப்பித்த வழிகாட்டியில் உள்ள புள்ளிக் கணக்கு அது. வயது 35-க்கு மேல், ஒன்று. உடல் எடைக் குறியீடு 30-க்கு மேல், ஒன்று. சுருட்டிப் புடைத்த நரம்பு, ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பு, ஒன்று. பிரசவத்துக்கு முன்பே நாலு. நாலு வந்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியை யோசிக்க வேண்டுமாம். பிரசவத்துக்குப் பிந்தைய கணக்கில் கருத்தரிப்புக்கான புள்ளியைக் கழித்துவிடுவார்கள், சரி, கழித்தாயிற்று. வலி கண்டபின் சிசேரியன், இரண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வலி, ஒன்று. இரத்தம் ஏற்றியது, ஒன்று. மொத்தம் ஏழு. இரண்டு வந்தாலே குறைந்தது பத்து நாள் ஊசி என்கிறது அந்த வழிகாட்டி.

ஏழு! ஒரு வரியும் புதிது இல்லை. எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்ட விவரங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கூட்டல்.

என் கணக்கில் இல்லாத புள்ளிகளும் அந்தத் தாளில் இருந்தன. இதைப் படிக்கிற பெண்களுக்காக அவற்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு எப்போதாவது உறைகட்டி வந்திருந்தால் அதுவே தனியாக நாலு புள்ளி. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தாலும் கணக்கு. மசக்கையில் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்துச் சலைன் ஏற்றும் நிலைமைக்குப் போனால் மூன்று. லூபஸ், இதயச் செயலிழப்பு போன்ற நோய்கள் இருந்தால் மூன்று. இரட்டைப் பிள்ளை, பிரசவ இரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம், பிள்ளை இறந்து பிறப்பது, காய்ச்சலோடு கிருமித் தொற்று, மூன்றோ அதற்கு மேலோ பிள்ளை பெற்றிருப்பது, படுத்த படுக்கையாகக் கிடப்பது, ஒவ்வொன்றும் ஒன்று. உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

எல்லோருக்கும் ஊசி போடு என்று நான் கேட்கவில்லை. இரத்தத்தை இளக்கும் ஊசியால் இரத்தப்போக்கு ஆபத்து உண்டு, யாருக்குப் போடுவது என்பதில் நாட்டுக்கு நாடு மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் தீர்மானிப்பதற்கு முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? என் விஷயத்தில் போடலாமா வேண்டாமா என்று யாரும் யோசித்து வேண்டாமென்று முடிவெடுக்கவில்லை. யோசிக்கவே இல்லை.

கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பிரிட்டனில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் பல பத்தாண்டுகளாக விசாரித்து அறிக்கை வெளியிடுகிறார்கள். 2003 முதல் 2005 வரையிலான மூன்று ஆண்டில் உறைகட்டியால் 41 தாய்மார்கள் இறந்தார்கள். ஆபத்துக் காரணிகளைப் பார்த்துத் தடுப்பு மருந்து கொடுக்கச் சொல்லும் வழிகாட்டி 2004-ல் வந்தது. 2006 முதல் 2008 வரையிலான மூன்று ஆண்டில் அந்த எண்ணிக்கை 18. புதிய மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பார்த்தார்கள், எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இது ஏழைக்கும் சின்ன ஊருக்கும் மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியனில் பெண் குழந்தை பெற்றார். அவருக்கு 2011-லேயே நுரையீரலில் உறைகட்டி வந்திருந்தது. பிரசவத்துக்கு மறுநாள் மூச்சு முட்டியதும், இது அதுதான், சிடி ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று அவரே நர்சிடம் சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். முதலில் காலை ஸ்கேன் செய்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விடாமல் கேட்டு எடுத்த சிடி ஸ்கேனில்தான் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்த உடம்பு அது. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி சொல்லியே நம்பவில்லை என்றால், செங்கத்திலிருந்து வந்த பில் போடுகிறவள் சொல்லி யார் நம்பப் போகிறார்கள்!

சொல்ல முடியாமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். உறைகட்டி மூளையின் சிரையில் உண்டானால் விடாத தலைவலி வரும், பார்வை மங்கும், வலிப்பு வரும், ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் அதை ஜன்னி என்பார்கள், காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பார்கள். இந்தியப் பெண்களிடம் பிரசவத்துக்குப் பின் இது கணிசமாக வருகிறது என்பது நரம்பியல் மருத்துவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. கே. சீனிவாசன் என்ற மருத்துவர் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய் அடைத்த 135 பேரைப் பற்றி 1983-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் பிள்ளை பெற்ற வீட்டில் தலைவலி என்றால் தைலம்தான்.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இதில் எனக்கும் பெருமை உண்டு. 2018–20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுக்க 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஆனால் அதே மாநிலத்தில் 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றில் 44.9 பிரசவம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு எடை அதிகம். முப்பதைத் தாண்டிப் பிள்ளை பெறுகிறவர்களும், கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். ஆபத்துக் காரணி ஒவ்வொன்றும் கூடிக்கொண்டே வருகிறது. கத்தியை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கத்தி வைத்தபின் வருவதைப் பார்க்கும் கடமை இல்லையா? ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இது வருகிறது, உண்மை. நம் மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் எட்டு லட்சம் பிரசவம். ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் எண்ணூறு பெண்கள். எண்ணூறு வீடு.

செத்தவர்களையாவது கணக்கில் எழுதி விசாரிக்கிறார்கள். நூலிழையில் பிழைத்த தாய்மார்களின் கதையையும் ஆராய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. என்னை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. எங்கே தவறியது, யாரிடம் சொன்னாய், என்ன சொன்னார்கள் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. நான் பிழைத்துவிட்டதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிட்டது.

நடந்தது என் காலில் இருக்கிறது. மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி, பிறகு மாத்திரை, இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று திரும்பத் திரும்பக் குத்தி எடுக்கும் சோதனை. மருந்து பாலில் இறங்கிவிடும், பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று உறவுக்காரர்கள் பயமுறுத்தினார்கள். ஹெப்பாரினும் வார்ஃபரினும் தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை என்று அரசு டாக்டர் சொன்னதால் என் பிள்ளை தப்பித்தது. கட்டி கரைந்தாலும் சிரையின் உள்ளே இருக்கும் வால்வுகள் கெட்டுவிட்டன. சாயங்காலமானால் கால் மரமாகிறது. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துவிட்டது. இறுக்கமான காலுறை போடாமல் வேலைக்குப் போக முடியாது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கல்யாணத்துக்கு முன்பிருந்து மாதம் தவறாமல் வெறுங்காலில் சுற்றியவள் நான். இப்போது இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் போவதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். கரும்புத் தொட்டில் வேண்டுதலை என் வீட்டுக்காரரும் தம்பியும் நிறைவேற்றினார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆளுக்கொரு முனை தோளில் வைத்து நடந்தார்கள். நான் தேரடி வீதியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு விஷயத்தையும் எனக்குச் சொல்லாமலே விட்டிருப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் உட்பட, உறைகட்டி வந்தவள் தொடக் கூடாது. பிரசவமான புதிதில் மற்றவர்களும் தொடக் கூடாது. எனக்கு அதை ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னார். அந்த நர்சம்மாவின் பையில் ஒரு டேப்பும், அட்டையில் கூட்டிப் போட ஒரு கட்டமும் இருந்தால் எத்தனை பெண்களைக் காப்பாற்றுவார் என்று நினைத்து நினைத்து எரிகிறேன்.

பிரசவம் பார்த்த அந்த ஆஸ்பத்திரியிடம் என் கேஸ் ஷீட் நகலைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். நன்றாகத்தானே இருக்கிறீர்கள், குழந்தையும் நன்றாக இருக்கிறது, பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி சொல்கிறது. அந்த விதியை எழுதி எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகுதான் தந்தார்கள். நான் மேலே எழுதிய கையெழுத்துகள் அதில்தான் இருக்கின்றன. காலைப் பற்றி நான் சொன்னது மட்டும் அதில் எங்குமே இல்லை. சிஸ்டரிடம் சொன்னது இல்லை, மேடத்திடம் சொன்னது இல்லை, மூச்சு முட்டி வந்த ராத்திரி சொன்னதும் இல்லை. வாயு என்று ஒரு சொல், கீழே ஊசியின் பெயர்.

பிரசவ அட்டையில் இந்தப் புள்ளிக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்கிறேன். பதிவு செய்யும்போது ஒரு முறை, ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு முறை, பிள்ளை பிறந்ததும் ஒரு முறை கூட்டி, கூட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் கட்டாயமாக்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ரெஸ்ட் என்று எழுதும் இடத்தில், நட, தண்ணீர் குடி, இவை இவை வந்தால் ஓடி வா என்று தமிழில் அச்சடியுங்கள்.

பிள்ளை பெற்ற பெண் உள்ள வீட்டுக்காரர்களே, அதெல்லாம் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிரசவமாகி மூன்று மாதத்துக்குள் ஒற்றைக் கால் வீங்கினால், கெண்டைக்கால் சூடாகி வலித்தால், நீவிவிடாமல் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு முட்டினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், மயங்கி விழுந்தால், விடாத தலைவலியோ வலிப்போ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சொல்லி அனுப்பினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள், அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவளுக்குப் பேச மூச்சு இருக்காது. அவளுக்காக நீங்கள் கத்துங்கள்.